இடது கையில் ஒரு காப்பு

டொரண்டோவுக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில் வீட்டின் முன்னறையில் அன்று காலை ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னலோரத்து நீளச் சோபாவின் நடுவில் வீட்டுக்காரி ஸ்டெபனி. அவளுக்கு எதிரே, மடியில் கோப்போடு, துப்பறிவாளர் நிரோஷினி. நிரோஷினிக்குப் பக்கத்தில், பலகாரத் தட்டுக்குக் கை எட்டும் தூரத்தில், அவளுடைய உதவியாளன் யூட்சன். வாசலுக்குக் கிட்ட, சப்பாத்தைக் கழற்றியும் ஜக்கெற்றைக் கழற்றாமல், உதைபந்தாட்டக் கமிட்டியின் செயலாளர் ராம்குமார். சமையலறைக்குப் போகிற வழியில், சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, தோடம்பழம் உரித்தபடி ஸ்டெபனியின் அம்மா வசுமதி.

ஆறாவது ஆள் சுவரில் இருந்தார். மாலை போட்ட படத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த யேசுரட்ணம், ஸ்டெபனியின் அப்பா. போன வருஷம் காலமானவர்.

யார் எங்கே இருந்தார்கள் என்பதை வாசகர் நினைவில் வைத்திருப்பது நல்லது. நிரோஷினி அதை மறந்துபோனதால்தான் மில்லிக்கன் வரைக்கும் பெற்றோல் எரிக்க வேண்டி வந்தது.

"மேடம், விஷயம் சிம்பிள்தான்," என்றார் ராம்குமார். சென்னையிலிருந்து வந்து கணினி வேலை பார்ப்பவர். கமிட்டியில் கணக்கு வழக்கெல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதற்காக எல்லோருமாகப் பிடித்துச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். "எண்பத்தாறுல சென் ஜேம்ஸ் ரவுண் பசங்க ஒரு டீம் சேர்த்து, சிட்டி சண்டே லீக்ல கப்பு ஜெயிச்சாங்க. டொரண்டோவுல தமிழ் டீம் ஒண்ணு ஜெயிச்ச முதல் கப்பு அதுதான்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. ஃபைனல்ல ஒரே கோல். போட்டவர் யேசுரட்ணம். இந்த சம்மர்லேர்ந்து எங்க டோர்னமென்ட் கப்புக்கு அவர் பேர்தான்னு முடிவாயிடுச்சு."

"பிறகு?"

"அப்புறம் மஃரூப் அண்ணன் எழுந்திரிச்சாரு. அந்த டீமோட கோல்கீப்பர். 'யேசு அந்தக் கப்புக்கு ஒரு பந்தும் அடிக்கேல்லை' அப்படின்னாரு. உக்காந்துட்டாரு. ஏன், எப்படின்னு எவ்வளவு கேட்டும் வாயத் தொறக்கல."

ஸ்டெபனியின் கண் சிவந்தது. "இப்ப வாட்ஸப் குறூப் எல்லாம் அப்பா பொய்க்காரன் எண்டு போகுது, அக்கா. கல்லறையில கிடக்கிற மனுசனை! எனக்குக் கப் தேவையில்லை. அவர் விளையாடினவர் எண்டு நீங்கள் புறூவ் பண்ணித் தந்தாக் காணும்."

"அதுவும் சீக்கிரமா," என்றார் ராம்குமார். "ஆட்சேபணைக்குப் பதில் கடிதமா வரணும். கையெழுத்து இருக்கணும். தபால்ல வரணும். நாளைக்குள்ள போஸ்ட் பண்ணலைன்னா ஸ்பான்சர் பேரை வெட்டச் சொல்லிடுவாங்க. அது ஒரு மெத்தைக் கம்பெனி."

"மெத்தைக் கிண்ணம்," என்றான் யூட்சன், வாயில் றோல்ஸோடு. "வெண்டவைக்கு நல்ல நித்திரை வரும்."

"யூட்!"

"சரி அக்கா."

நிரோஷினிக்கு அந்தக் கடித விதி பிடித்திருந்தது. விண்வெளிக்கு ராக்கெட் விட்டாலும் நம்மவர் சங்கங்கள் கடிதத் தலைப்பில்தான் விடும். அவளும் அந்த இனம்தான். எந்தக் கேஸை முடித்தாலும் விலாசம் வலது மூலையில், திகதி அதற்குக் கீழே என்று சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒழுங்கு மாறாமல் ஒரு கடிதம் எழுதித்தான் கோப்பை மூடுவாள்.

ராம்குமார் கொண்டுவந்த ஆண்டு மலரைப் பிரித்தார். கறுப்பு வெள்ளையில் அணியின் படம். வெள்ளைச் சட்டைகள், சேற்றுக் கால்கள். கீழே, இடமிருந்து வலமாகப் பெயர்கள். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக, பந்தின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிற ஒல்லி உருவம்: யேசுரட்ணம்.

"அப்பான்ரை வொய்ஸும் இருக்கு." ஸ்டெபனி போனைத் தட்டினாள். இருமலோடு ஒரு குரல் வந்தது.

"கோணர்ல இருந்து பந்து வருது. மழை பேஞ்ச சேறு. துடையால மடக்கி, நிலத்தில விழ விடாமல் இடது காலால ஒரு அடி! கோலிக்கு என்ன நடந்தது எண்டே தெரியாது. அடிச்சிட்டுத் திரும்பின அந்த முகத்தில ஒரு சிரிப்பு. கர்த்தரே, அந்தச் சிரிப்பை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

"ஆர் சிரிச்சது? எதிர்ப்பக்கக் கோலியோ?" என்றான் யூட்சன்.

நிரோஷினி அவனை முறைத்தாள். முறைத்த வேகத்தில் கோப்பு தட்டில் இடித்து, தோடம்பழம் ஒன்று மேசையால் விழுந்து உருண்டது. தலையைக்கூட நிமிர்த்தாமல் வசுமதி ஒரு காலை நீட்டி, உள்ளங்காலால் அதை அமத்தி நிறுத்திவிட்டு, குனிந்து எடுத்துத் தட்டில் வைத்தார்.

"தேத்தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ, பிள்ளை?"

"வேண்டாம் அன்ரி," என்றாள் நிரோஷினி. அவள் கண் படத்தில் இருந்தது.

மார்க்கம் ரோட்டால் தெற்கே இறங்கும்போது யூட்சன் காரை ஓட்ட, நிரோஷினி பூதக்கண்ணாடியை மலரின்மேல் பிடித்திருந்தாள்.

"யூட், யேசுரட்ணத்தின்ரை மணிக்கட்டில ஒரு நூல் கிடக்கு. முடிச்சு முடிச்சா. கௌரிக் காப்பு."

கேதாரகௌரி விரதம் முடிகிற நாளில் கோயிலில் கட்டிக்கொள்ளும் காப்பு அது. சைவ வீடுகளில் அடுத்த வருஷம் வரைக்கும் கழற்றாமல் வைத்திருப்பவர்களும் உண்டு.

யூட்சன் சிவப்பு லைற்றில் பிறேக்கை அமத்தினான். "அவர் வேதக்காரர் அக்கா. எங்கடை ஆக்கள் உது கட்டமாட்டினம். சின்னனில ஒருக்கா நான் பக்கத்து வீட்டுப் பொடியனோட கோயிலுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்து, அம்மாட்டை வாங்கின அடியில மற்றக் கையிலயும் அடையாளம் வந்தது."

"அது மட்டுமில்லை. உது இடது கையில கிடக்கு."

"அதுக்கென்ன?"

"ஆம்பிளையளுக்கு வலது கையிலதான் கட்டுறது. பொம்பிளையளுக்குத்தான் இடது. கட்டுற ஐயர் நித்திரையில கட்டினாலும் உது பிழைக்காது."

"அப்ப யேசுரட்ணம் அண்ணை பொம்பிளையோ?"

"விசர்க் கதை கதையாத. றோட்டைப் பார்." நிரோஷினி மலரைத் தூக்கிக் கார்க் கண்ணாடிக்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்தாள். பின்பக்கத்தால் பார்த்தபோது இடது வலதாக மாறியது; அவள் முகமும் மாறியது. "படத்தைத் திருப்பி அடிச்சிருக்கிறாங்கள், யூட்! நெகற்றிவ்வைப் பக்கம் மாறி வச்சிருக்கிறாங்கள். படம் திரும்பினா வரிசையும் திரும்பும். காப்புக் கட்டினவர் இந்தப் பக்கத்தால மூண்டாவது இல்லை, அந்தப் பக்கத்தால மூண்டாவது. அந்த இடத்துக்குப் போட்டிருக்கிற பேர் சண்முகதாசன். சைவம். பொருந்துது."

"அப்ப யேசுரட்ணம் அண்ணை?"

"மற்றப் பக்கத்தில நிக்கிற மீசைக்காரன். மஃரூப் அண்ணை இந்த மலரைப் பாத்திட்டு, பேருக்கு மேல வேற ஆள் நிக்குது எண்டு கோவப்பட்டிருக்கிறார். அவ்வளவுதான். அச்சகத்தின்ரை பிழை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் கேஸ் முடிஞ்சுது."

"நீங்கள் உப்பிடிச் சொன்ன எல்லாக் கேஸும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் முடிஞ்சது," என்றான் யூட்சன்.

மஃரூபின் திரைச்சீலைக் கடை, மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதியை ஒட்டிய பிளாசாவில், ஒரு பல் வைத்தியருக்கும் றொட்டிக் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே சுருள் சுருளாகத் துணி. மனிதர் நல்ல உயரம். கழுத்தில் அளவு நாடா. கோலிக்குரிய நீளக் கைகளை விரித்து ஒரு பூப்போட்ட துணியை அளந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணம் ஒட்டுமடத்தில் பிறந்தவர்.

வந்த காரணத்தைக் கேட்டதும் துணியை மடித்து வைத்தார். "கமிட்டிக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். யேசு என்ரை கூட்டாளி. தங்கமான மனுசன். ஆனா அந்தக் கிண்ணத்துக்கு அவன் ஒரு பந்தும் அடிக்கேல்லை. அதுக்கு மேல என்னட்டை ஒண்டும் கேக்காதேங்கோ, மகள். வாய் திறக்கமாட்டன் எண்டு சொன்னனான்."

"நீங்கள் திறக்க வேண்டாம் அண்ணை, நான் சொல்லுறன்." நிரோஷினி மலரை விரித்து, காப்பு, வலது கை, திருப்பி அடித்த படம் என்று வரிசையாக எடுத்து வைத்தாள். குரலில் ஒரு வெற்றிக் களை தெரிந்தது.

மஃரூப் கடைசிவரை கேட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கிறீங்கள். ஆனா அந்தப் படத்தின்ரை ஒறிஜினல் என்னட்டைக் கிடக்கே!"

காசு மேசைக்குப் பின்னால் தொங்கிய நீலத் திரையை ஒரே இழுவையில் ஒதுக்கினார். சுவரில், சட்டம் போட்டு, வண்ணத்தில், மலரில் வந்ததைவிட அகலமாக அதே படம். அணிக்குப் பின்னால், மலரில் வெட்டிவிட்ட மேற்பக்கத்தில், ஒரு தெருப் பலகை. அதில் பார்லிமென்ட் ஸ்ட்ரீட் என்ற ஆங்கில எழுத்துகள் நேராக நின்றன.

நிரோஷினியின் வெற்றிக் களை வடிந்தது. எழுத்து நேர் என்றால் படமும் நேர். படம் நேர் என்றால் கை இடதுதான். சண்முகதாசன் அவன்பாட்டில் மற்றப் பக்கத்தில், வெறுங்கையோடு நின்றான். இடப்பக்க மூன்றாவது ஆளின் மணிக்கட்டிலோ சிவப்பும் மஞ்சளுமாகக் காப்பு பளிச்சென்று கிடந்தது.

"அக்கா," என்றான் யூட்சன் மெல்ல. "காரில நான் ஒரு விசர்க் கதை கதைச்சனான்..."

"பேசாத."

"படம் நேர். கை இடது. வேற என்ன மிச்சம் இருக்கு?"

நிரோஷினி பூதக்கண்ணாடியை எடுத்தாள். சட்டத்துக்குக் கிட்டப் போய் நின்றாள். கட்டையாக வெட்டிய தலைமயிர். அளவுக்கு மிஞ்சிய தொளதொளச் சட்டை. உள்ளங்கால் பந்தை அமத்தியிருக்க, விரல்கள் மட்டும் நிமிர்ந்திருந்தன. இந்தக் காலை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தாள். தோடம்பழ வாசனை வந்தது போலிருந்தது.

"அல்லோ, இஞ்சை பாருங்கோ," என்றான் யூட்சன். "இவர் ஆர்?"

மலரில் வெட்டப்பட்டிருந்த வலது ஓரத்தில் இன்னொரு இளைஞன். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. கக்கத்தில் ஊன்றுகோல்கள். ஸ்டெபனி வீட்டுச் சுவரில் மாலைக்குள் சிரிக்கிறவர்தான். முப்பத்தைந்து வயதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சந்தேகமே இல்லை. மற்ற எல்லோரும் கமராவைப் பார்த்துக்கொண்டு நிற்க, இந்த ஆள் மட்டும் காப்புக் கட்டிய ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நிரோஷினி திரும்பினாள். மஃரூப் அளவு நாடாவைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, வாய் திறக்கமாட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம். வாய் திறக்கமாட்டன் எண்டுதான் சொன்னனான். சுவரில படம் மாட்டமாட்டன் எண்டு சொல்லேல்லையே, மகள்." அவர் நீலத் திரையை இழுத்து மூடினார். "றொட்டிக் கடையில நல்ல பிளேன் ரீ போடுறவங்கள். குடிச்சிட்டுப் போங்கோ."

குடிக்கவில்லை. யூட்சன் அதற்கு முன்னரே படத்தைப் போனில் பிடித்துவிட்டான்.

ஸ்ரௌவ்வில் வீட்டில் இருக்கைகள் மாறவில்லை. ராம்குமார் மட்டும் ஜக்கெற்றைக் கழற்றி, சோபாக் கையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். வசுமதி இப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, மஃரூப் அங்கிள் என்ன சொன்னவர்?" ஸ்டெபனி எழுந்தே விட்டாள்.

"ஒண்டும் சொல்லேல்லை," என்றாள் நிரோஷினி. தட்டிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து, ஏதோ யோசனையில் இருப்பவள் போல் உருட்டிக்கொண்டு நின்று, கையை விட்டாள்.

பழம் பலகை நிலத்தில் நேராக ஓடியது. வசுமதி கத்தியை நிறுத்தவில்லை. அவருடைய இடது கால் தன்பாட்டில் நீண்டது. உள்ளங்கால் அமத்தியது. விரல்கள் நிமிர்ந்தன.

 நிரோஷினி யூட்சனின் போனை வாங்கி, அந்தக் காலுக்கு முன்னால் குனிந்து, படத்தைப் பக்கத்தில் பிடித்தாள்.

வசுமதி படத்தைப் பார்த்தார். பிறகு தன் காலை, வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தார். "இந்தக் காலை வெட்டிப்போட வேணும்," என்றார்.

"அம்மா?" என்றாள் ஸ்டெபனி.

"மஃரூப் அண்ணை சொல்லிப்போட்டாரோ?"

"இல்லை அன்ரி. அவர் வாயே திறக்கேல்லை. கௌரிக் காப்புத்தான் சொன்னது."

"அம்மா ஊரில இருந்து என்வலப்புக்குள்ள வச்சு அனுப்பினவ," என்றார் வசுமதி. கண்ணைத் துடைத்தார், வெங்காயமாகவும் இருக்கலாம். "எல்லாத்தையும் யோசிச்சு, மயிரை வெட்டி, அண்ணான்ரை சட்டையைப் போட்டு... உதை மட்டும் கழட்ட மனம் வரேல்லை."

கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அப்போது வசுமதி, சென் ஜேம்ஸ் ரவுணில் அண்ணனோடு ஒரே அறையில் இருந்த அகதிப் பெண். ஊரில் அண்ணன்மாருக்குப் பந்து பொறுக்கப் போய், பொறுக்கிய பந்தைத் திருப்பி அடித்து அடித்தே பழகிய கால். யேசுரட்ணம் முன்வரிசைக்காரன். பருவத்தின் தொடக்கத்திலேயே அவன் கால் முறிந்தது. ஆள் குறைந்தால் அணியே போய்விடும். அந்தக் காலத்தில் லீக் தருகிற ஆட்டக்காரர் கார்ட்டில் பெயர் மட்டும்தான், படம் இல்லை. யேசுரட்ணம் தானே தன் கார்ட்டைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான்.

"வேற லீக்கெண்டால் பிடிச்சிருப்பாங்கள்," என்றான் யூட்சன்.

"வெள்ளைக்கார றெஃபறிக்கு எங்களில ஆர் ஆரெண்டு தெரியுமே, தம்பி? ஆனா வெண்டாப் பிறகுதான் எல்லாருக்கும் பயம் பிடிச்சது. பொடியள் எல்லாருக்கும் அகதிக் கேஸ் விசாரணைக்குக் கிடக்கு. வேற பேரில ஆள் விளையாடினதெண்டு வெளியில வந்தால், உவங்களின்ரை பேர் விலாசமும் பொய்யெண்டு கேஸை இறுக்கிப்போடுவாங்கள் எண்டு நினைச்சினம். சத்தியம் பண்ணினம். ஒருத்தரும் கதைக்கிறேல்லை எண்டு."

"அன்ரி, எல்லாரும் சிற்றிசனாகி எத்தினை காலம்!"

"அது சரி. ஆனா இனிக் கதைக்கலாம் எண்டு ஒருத்தரும் தீர்மானம் எடுக்கேல்லையே."

ராம்குமார் தலையை ஆட்டினார். செயலாளர் என்ற முறையில் அவருக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது.

ஸ்டெபனி மட்டும் சோபாவில் சரிந்துபோய் இருந்தாள். "அப்ப அவையள் சொன்னது சரிதானே? அப்பா பொய் சொன்னவர்."

"போனை எடும்," என்றாள் நிரோஷினி. "திரும்பப் போடும்."

மறுபடி அந்த இருமல், அந்தச் சேறு, அந்த அடி. 'அடிச்சிட்டுத் திரும்பின அந்த முகத்தில ஒரு சிரிப்பு.'

"எந்த இடத்திலயாவது 'நான் அடிச்சனான்' எண்டு சொல்லுறாரோ? ஆரும் தன்ரை முகத்தைத் தானே பாப்பினமோ? உங்கட அப்பா என்ன சொன்னவர் எண்டு எல்லாரும் கேட்டீங்கள். எங்க நிண்டு சொன்னவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

வசுமதி வெங்காயத்தைக் கீழே வைத்தார். "என்னட்டைக் கேக்காமல் ஒண்டும் எழுதாதேங்கோ, பிள்ளை. சனம் என்ன சொல்லும்? பொம்பிளையிட்டைச் சட்டையைக் குடுத்திட்டு வெளியில நிண்டவன் எண்டு அவரைப் பகிடி பண்ணும். நான் கிண்ணம் வேண்டாமெண்டு இருந்திடுவன். மெத்தைக்காரன் வச்சுக்கொள்ளட்டும்."

ஸ்டெபனி போனை வாங்கினாள். படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பெருப்பித்தாள். மாவுக்கட்டு, ஊன்றுகோல்கள், கமராவை மறந்துபோன அந்த முகம். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் மடியில் வைத்தாள்.

"இந்த முகத்தைப் பாருங்கோ அம்மா. இதைப் பாத்து ஆர் சிரிப்பினம்?"

வசுமதி பார்த்தார். அந்தப் படத்தை அன்றுவரை அவர் நாற்பது வருஷமாகப் பார்க்கவில்லை. ஓரத்தை ஒருபோதும் பார்த்ததில்லை.

"விசர் மனுசன்," என்றார் மெதுவாக. "கமராவைப் பார் எண்டு அவங்கள் எத்தினை தரம் கத்தினவங்கள்."

கொஞ்சம் பொறுத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசையடியில் இருந்தார். "பேனையைத் தாங்கோ."

அதற்கு முன் மஃரூபுக்கு அழைப்புப் போனது. வசுமதி ஒரே வசனம்தான் சொன்னார்: "அண்ணை, இனிக் கதைக்கலாம்."  பிறகு மஃரூப் கதைக்கத் தொடங்கினார். கடிதம் எழுதி முடிகிற வரைக்கும் நிறுத்தவில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதாயிற்று.

நிரோஷினி ஒழுங்காக இலக்கமிட்டு ஒரு பக்க வரைவு எழுதி நீட்டினாள். வசுமதி அதை மரியாதையாக வாங்கி, மரியாதையாக ஒதுக்கி வைத்துவிட்டு, தன் கையெழுத்தில் எழுதினார்:

'செயலாளர் அவர்களுக்கு, மஃரூப் அண்ணர் சொன்னது உண்மை. என் கணவர் தான் கோல் அடித்ததாக ஒருபோதும் சொல்லாததும் உண்மை. கார்ட் அவருடையது. கால் என்னுடையது. நீங்கள் தீர்மானித்த யேசுரட்ணம் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். அதற்கு முன்னால் இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொள்ளவும். இப்படிக்கு, வசுமதி யேசுரட்ணம்.'

ராம்குமார் எட்டிப் பார்த்தார். "சூப்பர் மேடம். நானே இப்பவே எடுத்துட்டுப் போயிடட்டுமா?"

"தபாலில வரவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்," என்றாள் நிரோஷினி.

"ஆமா. ரூல்னா ரூல்தான்." அவர் அரைமனதோடு கையை இழுத்துக்கொண்டார்.

வசுமதி கடிதத்தை மூன்றாக மடித்தார், உறைக்குள் வைத்தார், பசையை நனைத்து, உள்ளங்கையால் ஓரம் ஓரமாக அமத்தி ஒட்டினார். முத்திரையை ஸ்டெபனி ஒட்டினாள். எல்லோருமாகத் தெரு முனைத் தபால்பெட்டிக்கு நடந்தார்கள். மரமே வளராத புதுத் தெரு. காற்று குளிர்ந்தது.

"தாங்கோ அன்ரி, நான் போடுறன்," என்று யூட்சன் கையை நீட்டினான்.

"விடு, தம்பி." வசுமதி உறையை வாய்க்குள் நேராக விட்டார். உள்ளே டப் என்று விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"வடிவா உள்ளுக்குப் போட்டுதோ அன்ரி? ஒருக்காத் திறந்து பாப்பமோ?"

வசுமதி திரும்பினார். யேசுரட்ணம் சாகுமட்டும் மறக்காத அந்தச் சிரிப்பை அன்றுதான் மற்றவர்களும் பார்த்தார்கள்.

"நான் அடிச்சது எப்ப தம்பி வெளியில போனது?"